பத்தோடு பதினொன்றா, தனி வாத்தியாரா?

பிள்ளையைக் கிடார் கற்றுக்கொள்ள அனுப்பலாம் என்று ஒரு வீட்டில் முடிவாகிவிட்டால், அடுத்த கேள்வி வாசலிலேயே வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து உட்காருகிற வகுப்பில் சேர்ப்பதா, தனியாக ஒரு வாத்தியாரை ஏற்பாடு செய்வதா? முன்னதில் செலவு குறைவு, பின்னதில் கவனிப்பு அதிகம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். விஷயம் அவ்வளவுதான் என்றால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதத்தில் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னால் யாராவது ஒரு சகோதரிக்கு உபயோகப்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு அனந்தபுரம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற பக்கம். (வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம்.) சங்கீதம் என்றால் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம், கல்யாண வீட்டில் பாட்டுக் கச்சேரி, மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. பக்கத்துப் பனமலையில் குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனுக்கு 'வீணா நாரதன்' என்றே ஒரு பட்டம் உண்டாம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாவுக்குக் கம்பி வாத்தியத்தில் அத்தனை ஈடுபாடு இருந்தும், இன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு கிடார் கம்பி அறுந்தால் விழுப்புரம் போய்த்தான் வாங்கி வர வேண்டும்!

பெரியவளுக்கு அப்போது பத்து வயது. வீட்டில் அவள் வாய் ஓயாது. தம்பியோடு சண்டை போட்டால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தால் வாய்க்குப் பூட்டு. "உங்க பொண்ணு குரலை நான் இன்னும் சரியாக் கேட்டதே இல்லைம்மா" என்று அவள் டீச்சர் ஒரு நாள் சொன்னார். மார்க்குக்குக் குறைவில்லை. ஆனால் 'டீச்சர், பாத்ரூம் போகணும்' என்று கேட்கக்கூடக் கை தூக்க மாட்டாள். காலையில் போனவள் சாயந்திரம் வரை அடக்கி வைத்திருப்பாள். அப்படி அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலும் வந்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க, அடக்காமப் போகச் சொல்லுங்க" என்றார். குடிக்கச் சொல்லலாம். கேட்கச் சொல்லி யார் கற்றுக் கொடுப்பது?

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் தெருவுக்குப் பாட்டுப் பாடி வந்த குழுவில் ஒரு பெண் கிடார் வாசித்தாள். இவள் வாசற்படியில் நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். குழு நாலு வீடு தள்ளிப் போன பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்து, "அம்மா, எனக்கு அது வேணும்" என்றாள். தின்பண்டம் தவிர அவள் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இது பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குடி வெள்ளக்காரன் வாத்தியம்? பாட்டு கத்துக்கட்டும், மார்கழியில கோயில்ல பாடலாம்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. "அத்தை, கச்சேரியில பிடில் வாசிக்கிறாங்களே, அதுவும் வெள்ளைக்காரன் வாத்தியம்தானே" என்றேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டுதான் நம் சங்கீதத்துக்குள் அதைக் கொண்டுவந்தார் என்பார்கள். மணலி முதலியார் ஏற்பாடு செய்து கொடுத்த தனி வாத்தியார் அவர். இதைச் சொன்னதும் அத்தை, "அவரு ஜமீன்தாரு வெச்சுக் கொடுத்த வாத்தியாரு. உன் வூட்டுக்காரரு உரக்கடையில கணக்கு எழுதறாரு" என்று ஒரே போடாகப் போட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அரசாங்கத்தில் ஏதாவது வழி உண்டா என்று முதலில் விசாரித்தோம். விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் சொற்பம். ஆனால் 12 வயது முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும், கிடாரும் அங்கே கிடையாது. 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் என்று ஒன்று உண்டு. பாட்டு, நாட்டியம், ஓவியம் என்று ஆசைப்படுகிறவர்கள் அதை விசாரிக்கலாம், நல்ல ஏற்பாடு. எங்களுக்குக் கிடார் என்று ஆகிவிட்டதால் மிஞ்சியவை இரண்டு. விழுப்புரத்தில் சனிக்கிழமை நடக்கிற ஒரு கூட்டு வகுப்பு, மாதம் 700 ரூபாய். இல்லையென்றால் ஞாயிறு தோறும் மாதா கோயிலில் வாசிக்கிற, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வீட்டுக்கே வந்து அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பார். ஒரு வகுப்புக்கு 400 ரூபாய்.

செல்போனில் பார்த்தே கற்றுக்கொள்ளலாமே என்று சொன்னவர்களும் உண்டு. பெரியவர்களுக்குச் சரி. பத்து வயதுப் பிள்ளைக்குப் போனைக் கையில் கொடுத்தால் கிடார் வீடியோ பத்து நிமிஷம், பூனை வீடியோ ஐம்பது நிமிஷம்!

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போய் வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். (பார்க்கவே விடமாட்டோம் என்கிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.) சின்ன ஹால், பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு மணி நேர வகுப்பு. ஆரம்பித்ததும் வாத்தியார் ஒவ்வொரு கிடாராக வாங்கிச் சுருதி சேர்த்தார். ஒரு கிடாருக்கு ஆறு கம்பி. பன்னிரண்டு கிடாருக்கு 72 கம்பி! பாட்டு வகுப்பில் ஒரு சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் ஆயிற்று. கிடாரில் அப்படி முடியாது. ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக இறங்கிப் போகிற கம்பி. ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் 24 நிமிஷம் சுருதிக்கே போயிற்று. பாக்கி 36 நிமிஷம். பன்னிரண்டு பேருக்குப் பங்கு போட்டால் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிஷம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவருக்குக் கணக்கு என்றால் சர்க்கரைப் பொங்கல். உடனே ஒரு பழைய பில்லின் முதுகில் எழுத ஆரம்பித்துவிட்டார். கூட்டு வகுப்பில் வாரம் மூன்று நிமிஷம், மாதம் நாலு வாரத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம், 700 ரூபாய். ஆக, வாத்தியார் நம் பிள்ளையின் கையைப் பார்க்கிற ஒரு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 58 ரூபாய். தனி வகுப்பில் மாதம் 120 நிமிஷம், 1,600 ரூபாய். நிமிஷத்துக்குப் பதிமூன்று ரூபாய் சொச்சம். "பார்த்தியா, மலிவுன்னு நினைக்கிறதுதான் விலை ஜாஸ்தி!" என்று பில்லை ஆட்டிக் காட்டினார். உரக்கடை முதலாளி இவரை ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று அன்றைக்குப் புரிந்தது.

கணக்கு சரி. ஆனால் நான் அந்த ஹாலில் பார்த்தது எல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லையே. வாத்தியார் ஒரு பிள்ளையைக் கவனிக்கிற நேரத்தில் மற்ற பதினொரு பேரும் சும்மாவா இருந்தார்கள்? இல்லை. மூன்றாவது வரிசைப் பையனுக்கு விரல் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்துப் பெண்ணின் கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வைத்துக்கொண்டான். பரீட்சையில் இதைக் காப்பி என்போம், சங்கீதத்தில் இதற்குப் பெயர் பாடம்! கடைசிப் பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து ஒரு சின்னப் பாட்டு வாசித்தார்கள். அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடுவில் தப்பு விட்ட பிள்ளைகளுக்காகப் பாட்டு நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போனது. விட்டவர்கள் இரண்டு தாளம் திகைத்து நின்று, பிறகு ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்கிற மாதிரி மறுபடி சேர்ந்துகொண்டார்கள்.

இதன் அருமை, புதுச்சேரியில் இருக்கும் என் அக்கா மகளைப் பார்த்த பிறகு இன்னும் தெளிவாயிற்று. பதினான்கு வயது. இரண்டு வருஷமாகத் தனி வாத்தியாரிடம்தான் கற்கிறாள். விரல்கள் அப்படி ஒரு அழகாக விழும். இடது கைக் கட்டைவிரல் கிடாரின் கழுத்துக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும். முதுகு வளையாது. ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா மகள்கள் நாலு பேர் கூடிப் பாட ஆரம்பித்து, "நீ வாசிடி" என்றார்கள். இவள் வாசித்தாள். ஒரு இடத்தில் விரல் பிசகியது. உடனே நிறுத்தி, சரி செய்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதற்குள் அவர்கள் சரணத்துக்கே போய்விட்டார்கள். மூன்று முறை இப்படி. பிறகு கிடாரை உறைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். தனியாக வாசித்துப் பழகினவளுக்குத் தப்பு வந்தால் நின்று திருத்தத்தான் தெரியும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தப்போடு சேர்ந்து ஓடுவது வேறு பழக்கம். அது நாலு பேர் இருக்கிற இடத்தில்தான் வரும்.

ஆக, கைக்குத் தனி வாத்தியார் வேண்டும், காதுக்கும் தைரியத்துக்கும் கூட்டம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. பெரிய வித்வான்களின் கதையைப் பார்த்தாலும் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர். சின்ன வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக மேடையில் ஆர்மோனியம் வாசித்தார். மைக் கிடைத்த இடத்தில் பாட்டு, கூட்டம் இருந்த இடத்தில் கச்சேரி. அதன் பிறகு 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் தனியாக உட்கார்ந்து மேற்கத்திய இசையைக் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976ல் 'அன்னக்கிளி'. கூட்டத்தில் பெற்ற துணிச்சலும் தனிப்பாடத்தில் பெற்ற நுணுக்கமும், இரண்டும் அவரிடம் இருந்தன.

ஜப்பானில் ஷினிச்சி சுஸூகி (1898–1998) என்று ஒரு வயலின் ஆசிரியர் இருந்தார். பிள்ளை தாய்மொழியை எப்படிக் கேட்டுக் கேட்டுப் பேசுகிறதோ, அப்படியே சங்கீதமும் வரும் என்பது அவர் கொள்கை. அவருடைய முறையில் வாரம் ஒரு தனிப்பாடம் உண்டு. அதோடு எல்லாப் பிள்ளைகளும் கூடி வாசிக்கிற கூட்டு வகுப்பும் உண்டு. இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று. பிள்ளையோடு தாயோ தகப்பனோ பாடத்தில் கூடவே உட்கார வேண்டும், தொடக்கப் பாடத்தை அவர்களும் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்! அம்மா வாசிப்பதைப் பார்த்துப் பிள்ளை தானாகப் பிடுங்கிக்கொள்ளுமாம். இந்த முறையில் இப்போது கிடாருக்கும் பாடப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. படித்ததும் சிரித்துக்கொண்டேன். சமையல் கட்டிலிருந்து கிடாருக்கு!

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு தனி வகுப்பு, மொத்தம் எட்டு. கிடாரைப் பிடிப்பது, உட்காருவது, விரல் வைப்பது, சுருதி சேர்ப்பது, இவை மட்டும். பாட்டுக்கு அவசரம் இல்லை என்று அந்தத் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். மூன்றாம் மாதத்திலிருந்து சனிக்கிழமைக் கூட்டு வகுப்பு. அதோடு மாதம் ஒரே ஒரு தனி வகுப்பு, கையில் ஏதாவது கோணல் புகுந்திருந்தால் நிமிர்த்துவதற்கு. ஆக மாதம் 1,100 ரூபாய். முழுக்கத் தனியாக வைத்தால் ஆகிற 1,600ஐ விட 500 குறைவு. பஸ் செலவு பெரிதாக இல்லை. 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால், அந்த பஸ் கிடைக்கிற அன்றைக்கு அதுவும் மிச்சம். கிடாருக்கு லக்கேஜ் போடலாமா என்று ஒரு கண்டக்டர் யோசித்தார். "இன்னாம்மா, வீணையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வீணை என்றதும் ஓரமாக இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்!

வீட்டுக்கு ஆண் வாத்தியார் வந்து சொல்லிக் கொடுக்கும்போது ஒன்றில் நான் கண்டிப்பாக இருந்தேன். வகுப்பு கூடத்தில்தான், கதவு திறந்துதான், நானோ அத்தையோ கூட இருந்துதான். அந்தத் தம்பி தங்கமான பிள்ளை. அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. பெண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையானாலும், யார் வந்தாலும் இதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. நல்ல வாத்தியார்கள் இதை விரும்பவே செய்வார்கள். கூட இருந்ததில் இன்னொரு லாபம், அரைகுறையாக நானும் இரண்டு கார்டு பிடிக்கக் கற்றுக்கொண்டேன். (நாலைந்து கம்பிகளைச் சேர்த்து ஒரே வீச்சில் ஒலிக்கவிடுகிறார்களே, அதற்குப் பெயர் கார்டு.)

உடம்பு விஷயமாகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் இடது கை விரல் நுனி எரியும். பிள்ளை அழுதால் பயந்துவிடாதீர்கள். தோல் தடித்துக்கொண்டதும் எரிச்சல் போய்விடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிக்க வைக்காமல் பத்து நிமிஷம், சற்று ஓய்வு, மறுபடி பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் தாங்கும். நைலான் கம்பி போட்ட கிடார் விரலுக்கு மெத்து. இரும்புக் கம்பி வெட்டும். வீணையில் மெட்டு என்போமே, அதையே கிடாரில் ஃப்ரெட் என்கிறார்கள். அதை ஒட்டிப் பின்னால் அழுத்தினால் கொஞ்சம் பலம் போதும், தள்ளி அழுத்தினால் இரண்டு பங்கு பலம் வேண்டும். என்னைப் போல அம்மாக்களும் ஆசைப்பட்டால், பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து முடித்த கையோடு கிடாரைத் தொடாதீர்கள். ஊறிய தோலில் கம்பி பதிந்தால் சுரீர் என்று இருக்கும். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிஷம் வாசித்துவிட்டுத்தான் பாத்திரத்துக்குப் போகிறேன். இடது கை நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வளர்த்து வைத்திருக்கிற கல்லூரிப் பெண்களுக்கு இது ஒரு துக்கம்தான்.

விரல் நுனி வலி வேறு, மணிக்கட்டு வலி வேறு. மணிக்கட்டோ முன்னங்கையோ தோளோ வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், பழகிவிடும் என்று விடக்கூடாது. கை கோணலாக மடங்கியிருக்கும், அல்லது கிடார் பெரிதாக இருக்கும். கூட்டு வகுப்பில் பல பிள்ளைகள் அண்ணனுடைய, மாமாவுடைய முழு அளவுக் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வலது கை கிடாரின் மேலே ஏறித் தொங்க, தோள் காதைத் தொட்டது. பன்னிரண்டு பேரில் வாத்தியார் எத்தனை தோளைத்தான் பார்ப்பார்? கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு என்று சின்னக் கிடார்கள் கிடைக்கின்றன. பத்து வயதுக்குப் பெரும்பாலும் முக்கால் அளவு சரியாக இருக்கும் என்றாலும், வயதைவிடக் கை நீளத்தைப் பார்த்து வாங்குவதே மேல். கடையில் மடியில் வைத்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். முதல் மெட்டுக்கு இடது கை முழங்கை நீட்டி விறைக்காமல் எட்டினால் வாங்கலாம்.

கூட்டு வகுப்பில் சேர்க்கப் போகிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளையை இரண்டு வருஷம் கற்றவர்களோடு உட்கார வைக்கிறார்களா, சுருதி சேர்ப்பதைப் பிள்ளைகளுக்கே கற்றுக் கொடுக்கிறார்களா, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்தப் பாடம் என்ன ஆகும், இதையும் கேளுங்கள். கிடாரின் தலையில் கவ்வி வைக்கிற சின்ன டியூனர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பி எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று அதில் எழுத்து தெரியும். அதை வைத்துப் பிள்ளைகள் தாங்களே சேர்த்துக்கொண்டால் நான் சொன்ன அந்த 24 நிமிஷம் மிச்சமாகும்.

அந்த டியூனர்தான் எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்தது. கூட்டு வகுப்பில் முதல் மூன்று சனிக்கிழமை பெரியவள் கிடாரை வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கம்பி மேல் விரலை ஓட்டுவாள், சத்தம் வராது. அவ்வளவு பேர் நடுவில் தன் சத்தம் தனியாகக் கேட்டுவிடுமோ என்று பயம். "தனியாவே விட்டுடலாமா?" என்று அவர் கேட்டார். தனி வகுப்பில் அந்தத் தம்பியோடு ஒரு மாதத்தில் பேசப் பழகிவிட்டாள் என்பது உண்மைதான். வீட்டுக் கூடம், பக்கத்தில் அம்மா, ஆயா. அங்கே அவளுக்கு என்ன பயம்? அவளுக்குச் சௌகரியமான இடம் அது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆயா வந்து உட்கார முடியுமா? "இன்னும் ஒரு மாசம் பார்க்கலாங்க" என்றேன். அந்த ஒரு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வயிற்றைப் பிசைந்தது.

கூட்டு வகுப்பு வாத்தியார் அவளை ஒரு முறைகூட எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லவில்லை. அது பெரிய மனசு. நாலாவது வாரம், சுருதி சேர்க்கத் தெரிந்த பிள்ளை யார் என்று கேட்டார். இவள் கை தூக்கவில்லை. ஆனால் அவள் கிடார் சரியாகச் சேர்ந்திருப்பதை அவர் கவனித்திருக்கிறார். டியூனரை அவள் கையில் கொடுத்து, "முன் வரிசைப் பொடிசுங்க நாலு பேரையும் நீ பார்த்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். ஏழு வயதுப் பையன் ஒருவன் கிடாரை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் விழுந்தது: "இன்னும் ஏத்து... ஏத்து... போதும். ஐயோ, ஜாஸ்தி ஆயிடுச்சு, எறக்கு." வீட்டில் தம்பியிடம் பேசுகிற அதே குரல்.

இதனால் பள்ளிக்கூடத்திலும் மாறிவிட்டாள் என்று எழுத ஆசைதான். டீச்சரைக் கேட்டால், "முன்னைக்கு இப்போ பரவாயில்லை, ஆனாலும் அமைதிதான்" என்கிறார். பாடம் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வது இன்னும் அபூர்வம். ஆனால் பாத்ரூம் போக இப்போது கேட்டுப் போகிறாள். நீர்க்கடுப்பு திரும்ப வரவில்லை. தண்ணீர் பாட்டில் காலியாகி வீட்டுக்கு வருகிறது. எனக்கு இப்போதைக்கு இது தங்கப் பதக்கம்.

டிரினிட்டி தேர்வுக்குத் தயார் செய்யலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ஆரம்ப நிலையும் அதற்கு மேல் எட்டு கிரேடுகளும் உண்டு. தேர்வாளர் முன்னால் தனியாக வாசிக்க வேண்டும். வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பி எழுதுகிற வகையும் 2020லிருந்து இருக்கிறது. தேர்வு என்று போனால் தனி வகுப்பைக் கூட்டியாக வேண்டும், கட்டணமும் தனி. தேர்வை லட்சியமாக வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு அது நல்ல படிக்கட்டுதான், மறுக்கவில்லை. எங்கள் பெரியவளுக்கு அவசரமில்லை என்று வைத்திருக்கிறோம். எஃப் கார்டு பிடிக்க ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டும். அது இன்னும் அவளுக்கு வசப்படவில்லை. எனக்கும்தான். முந்தாநாள் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு அழுத்தியதில், பக்கத்து அறையிலிருந்து அத்தை, "இன்னாடி அது, மரம் அறுக்கறீங்களா?" என்றார்.

அத்தைக்கு இப்போது கிடார் மேல் கோபமில்லை. தனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைச் சனிக்கிழமை வகுப்பில் சொல்லித் தரச் சொல்லி, பேத்தியிடம் தூது விட்டிருக்கிறார். வாத்தியாரிடம் அதைக் கேட்க வேண்டியது பேத்தியின் பொறுப்பு. இரண்டு சனிக்கிழமை ஆயிற்று, இன்னும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் கேட்பாள் என்று ஆயா சொல்கிறார்.

அவள் வளர்ந்ததும் இந்த முக்கால் கிடார் சின்னவனுக்கு ஆகும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். அவனோ தவில்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அரசு இசைப்பள்ளியில் தவில் இருக்கிறது, பன்னிரண்டு வயது ஆகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனுக்கு இப்போது ஆறு. அதுவரை அரிசி டின்தான்.